ஸ்பிரிங் இல்லாத ஆறு சக்கர வண்டியில் குலுக்கலைக் குறைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: செயினில் ஓடும் ஆறு சக்கர ஏ.டி.வி. (எல்லாத் தரையிலும் ஓடும் வண்டி) ஒன்று. மேடு பள்ளத்தில் ஒவ்வொரு அடியும் முதுகுத்தண்டில் இறங்குகிறது, கொஞ்சம் வேகம் எடுத்தால் வண்டி துள்ளத் தொடங்குகிறது. நல்ல சீட் வாங்கிப் போட்டால் போதுமா, அல்லது சஸ்பென்ஷன் பொருத்த வழி உண்டா?

சீட்டில் தொடங்க வேண்டாம். சஸ்பென்ஷன் பொருத்தும் எண்ணத்தையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஆர்கோ, மேக்ஸ் போன்ற மிதக்கும் வண்டிகளில் ஆறு அச்சுகளும் பேரிங்குகளில் நேராகச் சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களும் செயினால் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. ஒரு பக்கத்தைத் தடுத்தோ மெதுவாக்கியோதான் வண்டி திரும்புகிறது. ஸ்பிரிங் இல்லை, ஷாக் அப்சார்பர் இல்லை. தரைக்கும் உங்கள் இடுப்புக்கும் நடுவே நெகிழ்ந்து கொடுப்பவை டயருக்குள் இருக்கும் காற்றும் சீட்டின் ஃபோமும் மட்டுமே. இதில் பெரிய பங்கு காற்றுடையது. அதைச் சரியாக வைக்காமல் சீட்டுக்குச் செலவு செய்தால் பாதிப் பணம் வீண்.

அடியும் துள்ளலும் வேறு வேறு கோளாறுகள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கல், வேர், பாத்தி விளிம்பு போன்றவற்றில் மோதும்போது வரும் கூர்மையான குத்துதான் அடி. வண்டி முழுவதும் மேலும் கீழுமாக, அல்லது முன்னும் பின்னுமாக, ஒரு தாளத்தில் ஆடிக்கொண்டே இருப்பது துள்ளல். அடிக்கு டயரும் சீட்டும் மருந்து. துள்ளலுக்குச் சீட் மருந்தல்ல, சில வேளைகளில் சீட்டே அதைப் பெரிதாக்கிவிடும். காரணத்தைச் சீட் பகுதியில் சொல்கிறேன்.

காற்றழுத்தத்தைப் பார்ப்போம். இந்த வண்டிகள் பொதுவாக 2 முதல் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரையிலான அழுத்தத்தில் ஓடுபவை. உங்கள் மாடலுக்கான அளவு கையேட்டில் இருக்கும், டயரின் பக்கவாட்டில் உச்ச வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 610 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 102 கிலோ. 5 பி.எஸ்.ஐ.யில் அந்தப் பாரத்தைத் தாங்க டயர் சுமார் 290 சதுர செ.மீ. தரையைத் தொட வேண்டும், 3 பி.எஸ்.ஐ.யில் சுமார் 480. டயரின் ரப்பரும் கொஞ்சம் பாரம் சுமப்பதால் உண்மையான பரப்பு இதைவிடக் குறையும், ஆனால் விகிதம் ஏறக்குறைய இதுதான். அந்தக் கூடுதல் பரப்பு ஒரு கல்லை டயருக்குள் புதைய விடுகிறது. அழுத்தம் கூடிய டயரோ கல்லின் மேல் ஏறி வண்டியையே தூக்குகிறது.

சாதாரண கேஜ் (அழுத்தமானி) இங்கே உதவாது. 60 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜில் 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள் போய்விடும். 0 முதல் 10 வரை காட்டும் குறைந்த அழுத்த கேஜ் ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கு வாங்கும் பொருட்களில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

குறைந்த அழுத்தத்தில் வெப்பநிலை செய்யும் வேலையைப் பலர் கவனிப்பதில்லை. கார் டயரில் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் 30-லிருந்து 31.5 ஆகும். அந்த 5 சதவீதம் உடலுக்குத் தெரியாது. ஆனால் காற்றின் விதி வெளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. வெளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்தால், கேஜில் 3 காட்டும் டயரில் உண்மையில் இருப்பது 17.7. காலையில் 15 டிகிரியில் 3 பி.எஸ்.ஐ. வைத்த டயர் நண்பகலில் 35 டிகிரிக்கு வந்தால் 4.2-ஐ நெருங்கும். 40 சதவீதம் விறைப்பு ஏறிவிடும், யாரும் பம்பைத் தொட்டிருக்க மாட்டார்கள். உயரமும் இப்படித்தான். ஆயிரம் மீட்டர் மலையேறினால் வெளி அழுத்தம் சுமார் 1.6 பி.எஸ்.ஐ. குறைகிறது, டயர் கொஞ்சம் விரிந்து கொடுப்பது போக மீதி முழுவதும் கேஜில் கூடுதலாகத் தெரியும். காலையில் நன்றாக ஓடிய வண்டி மதியம் இடிக்கிறது என்றால் முதலில் கேஜை எடுங்கள். மறுபக்கமும் உண்டு. வெயிலில் வைத்த அளவு இரவுக் குளிரில் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும்.

உங்கள் வண்டிக்கான சரியான அளவைச் சோதித்துத்தான் பிடிக்க முடியும். வழக்கமாக ஏற்றும் ஆட்கள், எரிபொருள், சாமான் அத்தனையும் வண்டியில் இருக்கட்டும். நிழலில் டயர் குளிர்ந்திருக்கும்போது ஆறிலும் கையேடு சொல்லும் அளவை வையுங்கள். 200 மீட்டர் நீளமுள்ள ஒரு கரடுமுரடான துண்டைத் தேர்ந்தெடுத்து, ஒரே வேகத்தில் போய் வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆறிலும் அரை பி.எஸ்.ஐ. இறக்குங்கள். ரிம்மிலிருந்து டயருக்குக் குறுக்காகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, கெட்டித் தரையில் இரண்டு பக்கமும் கூர்மையாகத் திருப்பிப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் டயர் ரிம்மில் வழுக்குகிறது. இன்னும் இறக்கினால் பீட் எனப்படும் டயரின் உள்விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கல்லில் ஏறும்போது ரிம் தரையைத் தட்டும் சத்தமோ, பக்கச்சுவரில் மடிப்போ, ஸ்டியரிங்கில் திடீர்க் கனமோ தெரிந்தாலும் அதுவே எல்லை. அங்கிருந்து அரை பி.எஸ்.ஐ. ஏற்றி நிறுத்துங்கள். கையேட்டில் கீழ் வரம்பு கொடுத்திருந்தால் அதற்குக் கீழே போகவே வேண்டாம்.

பாரம் மாறினால் இந்த அளவும் மாறும். இரண்டு பேருக்கு 4 சரியாக இருந்தால், ஒருவர் இறங்கி மொத்தம் 530 கிலோவாகும்போது 3.5 போதும். தனியாக ஓட்டும்போது வண்டி அதிகம் இடிப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

காற்று ஏற்றும்போது ஓர் எச்சரிக்கை. இவை பெரிய கொள்ளளவும் மெல்லிய பக்கச்சுவரும் உள்ள டயர்கள். கடையில் இருக்கும் கம்ப்ரசரை அப்படியே வைத்தால் சில நொடிகளில் உச்ச வரம்பைத் தாண்டி வெடிக்க முடியும். கைப்பம்ப் அல்லது ரெகுலேட்டர் வைத்த குழாய் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆறு டயரிலும் ஒரே அழுத்தம் இருந்தால் மட்டும் போதாது, சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 25 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 1995 மி.மீ. ஒரு பக்கத்தில் ஒரு டயர் மட்டும் 20 மி.மீ. பெரிதாக இருந்தால் வித்தியாசம் ஒரு சதவீதம். செயின் மூன்றையும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு மீட்டர் தூரத்தை ஏதாவது ஒரு டயர் சறுக்கித்தான் தீர வேண்டும். சேற்றில் அது தெரியாது. கெட்டித் தரையில் செயினும் அச்சும் முறுக்கிக்கொண்டு, பிடி விடும்போது ஒரு உதறல் வரும். அடுத்தடுத்து இந்த உதறல் வந்துகொண்டிருந்தால் பாதை மோசம் என்றுதான் ஓட்டுபவர் நினைப்பார். நீளாத டேப்பை டயரின் நடுப்பகுதியில் சுற்றி அளந்து, ஒரு பக்கத்து மூன்றும் 6 மி.மீ.க்குள் இருக்கும்படி காற்றைச் சிறிது கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். பழைய டயரோடு புதியதைக் கலந்து போட்டால் காற்றால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது, மூன்றாகச் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இடப்பக்கச் சுற்றளவும் வலப்பக்கச் சுற்றளவும் வேறுபட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நேராகப் போகவே கை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

நடு டயரில் மட்டும் கூடுதல் காற்று வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நடு அச்சு கூடுதல் பாரம் எடுக்கும்போது முன் பின் சக்கரங்கள் லேசாகி வண்டி எளிதாகத் திரும்பும், அது உண்மை. ஆனால் அதே காரணத்தால் வண்டி சீசா பலகை போல நடு அச்சில் முன்னும் பின்னும் சாய்ந்தாடும். சொகுசுதான் குறிக்கோள் என்றால் ஆறிலும் சம அளவு வையுங்கள். கெட்டித் தரையில் அதிகம் திருப்ப வேண்டியிருந்தால் நடுவில் அரை பி.எஸ்.ஐ. வரை கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அழுத்தமும் சுற்றளவும் சரியான பிறகும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டி நடுங்கினால், டயர் உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். 25 அங்குலச் சக்கரம் 30 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 4.2 முறை சுற்றுகிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்து அதிர்வுக்கு மிக அதிகமாக வருந்துவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரை, அதாவது சரியாக அந்த இடத்தில்தான். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, டயருக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றிச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி 5, 6 மி.மீ.க்கு மேல் மாறினால் காற்றை இறக்கி, பீட்டைத் தளர்த்தி, டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பி மறுபடி ஏற்றிப் பாருங்கள். பல வேளைகளில் ரிம்மின் கோணலும் டயரின் கோணலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய சேறும் இதே நடுக்கத்தைத் தரும், அதைச் சுரண்டிவிட்டுத்தான் மற்றதைச் சோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திய வண்டியில் டயரின் அடிப்பகுதி தட்டையாகப் படிந்திருக்கும். நீண்ட நாள் நிறுத்துவதானால் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள்.

புது டயர் வாங்குவதானால் பார்க்க வேண்டியது பக்கச்சுவரின் உயரமும் பிளை (டயருக்குள் இருக்கும் துணி அடுக்கு) எண்ணும். 25×12-9 டயரில் (வெளிவிட்டம் 25, அகலம் 12, ரிம் 9 அங்குலம்) பக்கச்சுவர் 8 அங்குலம், 22×10-8-ல் 7. அதே 25 அங்குல வெளிவிட்டத்தை 12 அங்குல ரிம்மில் போட்டால் ஆறரை அங்குலம்தான் மிஞ்சும். தோற்றத்துக்காகப் பெரிய ரிம் போடுவது சொகுசை விற்று அழகை வாங்குவது. 2 பிளை டயர் குறைந்த அழுத்தத்தில் மடிந்து கொடுக்கும். முள்ளுக்குப் பயந்து 6 பிளை போட்டால் காற்றை எவ்வளவு இறக்கினாலும் ரப்பரே விறைப்பாக நிற்கும். விட்டத்தைக் கூட்டும்போது இன்னொரு விலையும் கொடுக்க வேண்டும். 22-லிருந்து 25-க்குப் போனால் தரையில் கிடைக்கும் இழுவை 12 சதவீதம் குறையும், செயினுக்கும் பெல்ட்டுக்கும் பாரம் கூடும். அடுத்தடுத்த டயர்களுக்கு நடுவே, காற்று ஏற்றிய நிலையில், ஒரு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். நீரில் வண்டியை மிதக்க வைப்பதிலும் நகர்த்துவதிலும் டயருக்குப் பங்கு உண்டு என்பதால், தண்ணீரில் இறங்குபவர்கள் குறுகலான டயருக்கு மாறும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும்.

செயின் தளர்வும் உடலைக் குலுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஒரு உதைப்பு வந்தால், சந்தேகம் முதலில் செயின் மேல் விழ வேண்டும். கிடையாக ஓடும் செயினுக்கு, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளின் (செயின் ஓடும் பற்சக்கரங்களின்) மையத் தூரத்தில் சுமார் 2 சதவீதம் தளர்வு என்பது பொது விதி. 600 மி.மீ. தூரமானால் நடுவில் மேலும் கீழும் சேர்த்து 12 மி.மீ. ஆடலாம். எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை 20 கண்ணிகளை அளந்து அறியலாம். 50 எண் செயினில் புதிதாக இருக்கும்போது 317.5 மி.மீ., 322-ஐத் தாண்டிவிட்டால் டென்ஷனரை (செயினை இறுக்கும் அமைப்பை) இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும். கூடவே அச்சு பேரிங்குகளையும் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது கையில் தெரியும் அசைவு, ஓட்டத்தில் நடுக்கமாகத் தெரியும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் வெடித்து இறுகிப்போயிருந்தால் நின்ற இடத்திலேயே சீட்டும் கைப்பிடியும் மரத்துப்போகும் அளவுக்கு அதிரும். மவுண்ட் மாற்றுவது சிறு வேலை, பலன் உடனே தெரியும்.

துள்ளலுக்கு வருவோம். காற்று ஸ்பிரிங்காக வேலை செய்கிறது, ஆனால் ஷாக் அப்சார்பரைப் போல ஆட்டத்தை அடக்கும் வேலையை ரப்பர் மிகக் குறைவாகவே செய்கிறது. அதனால் ஒரு முறை கிளம்பிய ஆட்டம் சீக்கிரம் அடங்காது. உங்கள் வண்டி எந்தத் தாளத்தில் துள்ளும் என்று அளக்கலாம். காற்றும் பாரமும் உள்ள நிலையில் அச்சு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். 25 அங்குல டயரின் பாரமில்லாத ஆரம் 317 மி.மீ., பாரத்தில் 267 என்றால் டயர் 50 மி.மீ. அமுங்கியிருக்கிறது. அந்த வண்டி நொடிக்கு ஏறக்குறைய 2.2 முறை துள்ளும். 30 மி.மீ. மட்டும் அமுங்கினால் 2.9 முறை, இன்னும் முரடாக. 80 செ.மீ.க்கு ஒரு மேடு வீதம் அலை அலையாகக் கிடக்கும் பாதையில் 2.2-ஐ எட்டும் வேகம் மணிக்கு 6 கி.மீ.தான். அந்த வேகத்தில் ஒட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு அலையும் முந்தைய துள்ளலைத் தள்ளிப் பெரிதாக்கும். கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ போனால் அடங்கும். அலையின் இடைவெளியும் அச்சுகளின் இடைவெளியும் ஒத்துப்போகும் பாதைதான் மிக மோசமானது, ஆறு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும். அங்கே சற்றுச் சாய்வாக ஓட்டினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு நேரத்தில் ஏறும், தூக்கல் பாதியாகக் குறையும். மரக்கட்டையைக் கடக்கவும் இதே வழி. சரிவான நிலத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கவிழும் அபாயம் உண்டு.

உட்காரும் இடமும் முக்கியம். வண்டி 5 டிகிரி முன்பின்னாகச் சாயும்போது, நடு அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருப்பவர் 87 மி.மீ. உயர்ந்து இறங்குவார். நடு அச்சுக்கு நேர் மேலே இருப்பவருக்கு ஏறத்தாழ ஒன்றும் இல்லை. முதுகுவலி உள்ளவரைப் பின் சீட்டின் கடைசியில் உட்கார வைக்காதீர்கள். சீட்டை நகர்த்த ஐந்து, பத்து செ.மீ. இடம் இருந்தாலும் நடுவை நோக்கி நகர்த்துங்கள்.

இனி சீட். மனிதர் உட்கார்ந்த சாதாரண ஃபோம் சீட்டின் இயல்பான ஆட்டம் 4 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். எந்த ஸ்பிரிங்கும் தன் இயல்பான ஆட்டத்தைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வைத்தான் தடுக்கும், அதற்குக் கீழே உள்ளதைப் பெரிதாக்கும். ஆகவே மெத்தென்ற தடித்த ஃபோம் 2.2 ஹெர்ட்ஸ் துள்ளலைத் தடுக்காது. அந்தத் துள்ளலைத் தடுக்கச் சீட்டின் ஆட்டம் 1.6-க்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு நீண்ட ஸ்ட்ரோக் (சீட் மேலும் கீழும் நகரும் தூரம்) வேண்டும், இந்த வண்டிகளில் அவ்வளவு உயரம் கிடைப்பது அரிது. சீட்டிடம் எதிர்பார்க்க வேண்டியது கூர்மையான அடியைத் தணிப்பது மட்டும்.

அதற்கு ஃபோமை இரண்டு அடுக்காக அமையுங்கள். அடியில் 40 முதல் 50 மி.மீ. கெட்டியான ரீபாண்டட் ஃபோம் (துண்டுகளை அழுத்தி ஒட்டியது), மேலே 40 மி.மீ. நல்ல தரமான எச்.ஆர். ஃபோம் (அமுங்கியதும் நன்றாக மீள்வது), விரும்பினால் அதற்கு மேல் 20 மி.மீ. மெமரி ஃபோம். வெறும் மென்மையான ஃபோம் உட்கார்ந்ததுமே பாதி அமுங்கிவிடும், பெரிய அடியில் மீதியும் அமுங்கி இடுப்பு நேராகப் பலகையில் மோதும். இடிக்கும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு இதுதான். தண்ணீர் குடிக்கும் ஃபோம் கனத்து நாறும் என்பதால், உறையின் தையல்கள் கீழ்ப்பக்கம் வரட்டும், அடியில் இரண்டு வடிகால் துளை இருக்கட்டும்.

சஸ்பென்ஷன் சீட் வைப்பதானால் எடைக்கேற்பத் திருகும் குமிழ் உள்ளதாகவும், ஆட்டத்தை அடக்கச் சிறு ஷாக் உள்ளதாகவும் பாருங்கள். உட்கார்ந்ததும் ஸ்ட்ரோக்கின் நடுவில் நிற்கும்படி திருகி வைக்க வேண்டும். அதிகம் இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் அடிமுட்டும், இறங்கவே இல்லையென்றால் அது வெறும் ஸ்டூல். போல்ட்டைப் பிளாஸ்டிக் உடலில் மட்டும் மாட்டாதீர்கள், 3 மி.மீ. இரும்புத் தகடு கொடுத்துச் சட்டத்தோடு பிடிக்க வேண்டும். துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், ரப்பர் வாஷர் கொடுங்கள். சீட் 10 செ.மீ. உயர்ந்தால் தலைக்கும் கவிழ்வுக் கூண்டுக்கும் உள்ள இடைவெளி, ஸ்டியரிங் எட்டும் தூரம், கால் ஊன்றும் இடம் எல்லாம் மாறும். முழங்கால் மடங்கிக் கால் உறுதியாக ஊன்ற முடியாவிட்டால் எந்தச் சீட்டும் உதவாது, ஏனெனில் பெரிய அடி வரும்போது உடல் பாரத்தில் ஒரு பங்கைக் கால்தான் வாங்க வேண்டும். கூட வருபவருக்கும் கைப்பிடி வேண்டும்.

சட்டத்திலேயே சஸ்பென்ஷன் பொருத்துவது பற்றி. ஒவ்வொரு அச்சும் வண்டியின் உடலைத் துளைத்து வெளியே வருகிறது. அச்சு மேலும் கீழும் நகர்ந்தால் நீர் சீல் உடையும், செயினின் மையத் தூரம் மாறித் தளர்ந்தும் இறுகியும் அறுந்துபோகும். சறுக்கித் திரும்பும் வண்டியில் சக்கரத்தின் மேல் வரும் பக்கவாட்டு விசையும் மிகப் பெரிது, வெல்டிங் செய்து ஒட்டிய கைகள் அதைத் தாங்கா. பாதுகாப்பாக முடிக்க முடிந்தாலும் வேறு வண்டி வாங்கும் செலவு ஆகியிருக்கும். ரப்பர் டிராக் (டயர்களைச் சுற்றி மாட்டும் பட்டை) போடுவதும் இதற்குத் தீர்வல்ல. சிறு குழிகளை அது பாலம்போட்டுக் கடக்கும், ஆனால் டிராக் கழலாமலிருக்க டயரில் காற்றைக் கூட்ட வேண்டும், கெட்டித் தரையில் பட்டைகளின் கடகடப்பு புதிதாகச் சேரும். பனி, சதுப்பு நிலத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீரில் மிதக்கத் தேவையில்லை என்றால், கேன்-ஆம் அவுட்லேண்டர் 6×6 போல ஸ்பிரிங்கும் ஷாக்கும் உள்ள ஆறு சக்கர வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் முதல் வேலை ஸ்பிரிங் பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு. சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்ட நிலையிலும், ஆள் ஏறிய நிலையிலும் அளந்து, சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்தத் தூரத்தில் 25 முதல் 33 சதவீதம் வரை அமுங்கும்படி வையுங்கள். பிரீலோடு ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றுவதில்லை, நிற்கும் உயரத்தைத்தான் மாற்றுகிறது. பின் பெட்டியில் சுமை ஏற்றும்போது கூட்டிய பிரீலோடை, சுமையை இறக்கிய பின் பழைய படிக்குத் திருப்ப மறந்தால் பின்பக்கம் காலியாக இருக்கும்போது ஒவ்வொரு மேட்டிலும் உதைக்கும். எண்ணெய் கசிந்த ஷாக் ஒன்று இருந்தாலும் அதன் ஜோடியையும் சேர்த்தே மாற்றுங்கள்.